பௌர்ணமியில் விழுந்த கோடு

முப்பத்து நாலு வயதில்தான் எனக்குச் சிறுநீரைப் படிக்கத் தெரிந்தது. வேங்கிக்காலில் ஓர் இ-சேவை மையத்தில், ஊர்ப்பட்ட பேருக்குச் சாதிச் சான்றிதழும் பட்டாவும் விண்ணப்பித்துக் கொடுக்கிறவள் நான். வேலைக்குக் கிளம்பும் முன் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, இருமல் டானிக் மூடியில் கொஞ்சம் பிடித்து, அதில் ஒரு காகிதப் பட்டையை முக்கி, ஐந்து நிமிடம் நின்றபடியே பார்ப்பேன். இரண்டு கோடு தெரியும். இரண்டாவது கோடு முதல் கோட்டைவிட அழுத்தமாக விழுந்தால் ஓரிரு நாளில் கருமுட்டை வெளியே வந்துவிடும்.

பட்டையைக் கொடுத்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "கல்யாணம் ஆயி அஞ்சு வருஷம் ஆச்சு. முட்டை கம்மியாதாம்மா இருக்குது. கோடு அழுத்தமா வர்ற அன்னிக்கும் மறுநாளும் ரெண்டு பேரும் சேர்ந்திருங்க. நாலு மாசம் பாப்போம். இல்லன்னா சென்னைக்கு எழுதித் தர்றேன்" என்றார். அந்தக் 'கம்மி' என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது. கேஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்று தெரியாமல் சமைப்பதுபோல ஒவ்வொரு நாளும் பயந்தேன்.

பட்டைகளை நாப்கின் பாக்கெட்டுக்குள் ஒளித்து வைத்தேன். வீட்டில் என் மாமியார், அதாவது அத்தை, தொடாத ஒரே பொருள் அதுதான்.

அத்தை கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். எங்களுக்குக் குழந்தை வேண்டும் என்று அவரே ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். நானும் கணவரும் ஒன்பது பௌர்ணமி சேர்ந்து கிரிவலம் வர வேண்டும். பௌர்ணமிக்கு முந்தின நாள், பௌர்ணமி, மறுநாள் என மூன்று நாள் விரதம். கவுச்சி கிடையாது. கணவர் அறையில் படுப்பார், நான் கூடத்தில் அத்தை பக்கத்தில் பாய் போட்டுக்கொள்வேன்.

டாக்டரிடம் போவதற்குள் நாலு பௌர்ணமி முடிந்திருந்தது. அத்தைக்கு அதில் ஒரே பெருமை. "பாத்தியா, ஒரு பௌர்ணமிக்காவது நீ வீட்டுக்குத் தூரமாயி தடங்கல் வந்துச்சா? சாமி பாத்துக்கினுதான் இருக்காரு" என்பார். பக்கத்து வீட்டு அம்மாளிடம்கூட இதைச் சொல்வார். என் மாதவிடாய்க்கு இப்படி ஒரு புகழ் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஐந்தாம் பௌர்ணமி அன்று காலை இரண்டாவது கோடு அழுத்தமாக விழுந்தது. சரி, இந்த மாதம் அப்படி அமைந்துவிட்டது என்று தேற்றிக்கொண்டேன். ஆறாம் பௌர்ணமியன்றும் அதே. சமையலறையில் தொங்கிய காலண்டரைப் புரட்டினேன். எனக்கு இருபத்தொன்பது முப்பது நாளுக்கு ஒரு தடவை. நிலாவுக்கும் அவ்வளவுதான். பௌர்ணமியில் தூரம் வராமல் காத்த அதே கணக்குதான் முட்டையைப் பௌர்ணமியில் கொண்டுவந்து வைத்தது. மாதத்தில் எங்களுக்கு ஆகிற அந்த இரண்டு நாளில்தான் நாங்கள் பக்தியோடு தள்ளிப் படுத்திருந்தோம். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கணவரிடம் சொன்னேன். அவரும் காலண்டரை ஒரு தடவை புரட்டினார்.

"இன்னும் மூணுதானே பாக்கி? முடிச்சிட்டுப் பாக்கலாமே."

"மூணு மாசத்துல என்ன மிச்சம் இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"சாமி குத்தம் ஆயிடுச்சுன்னா? பொறக்கிற புள்ளைக்கு எதனா ஒண்ணு ஆச்சுன்னா?"

எனக்கும் அதே பயம்தான், அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்தான் கோபம் வந்தது.

ஏழாம் பௌர்ணமியன்றும் கோடு தவறவில்லை. அத்தையின் தங்கை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். பௌர்ணமிக் கூட்டத்துக்கு ஒத்தாசையாக அத்தை காலையிலேயே அங்கே போய்விட்டார். கணவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். கையில் பட்டையோடு வாசல் கதவைச் சாத்தினேன். கூடத்தில் சுருட்டியிருந்த என் பாயைத் தாண்டி இருவரும் அறைக்குள் போனோம். பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பி அழுதோம்.

சாயங்காலம் தலைக்குக் குளித்துவிட்டு, விரதம் காத்தவர்களாட்டம் மலையைச் சுற்றக் கிளம்பினோம். ஒவ்வொரு லிங்கத்துக்கு முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். என் கால் கட்டைவிரல் கல்லில் இடித்து நகம் பெயர்ந்தது. கணவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வழியில் தங்கையின் கடையில் இருந்த அத்தை மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, "பாத்து வரக்கூடாதாம்மா?" என்றார். அவர் கை பட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்த மாதம் நாள் தள்ளிப்போனது. கரு தங்கிவிட்டது. அத்தை சாமி படத்துக்கு முன்னால் விழுந்து எழுந்தார். எனக்குச் சந்தோஷப்படவே தைரியம் வரவில்லை. சாமி கொடுத்துவிட்டுப் பிடுங்குவாரோ என்றுதான் ஒவ்வொரு முறை கழிவறைக்குப் போகும்போதும் குனிந்து பார்த்தேன்.

முதல் ஸ்கேனுக்கு அத்தைதான் கூட வந்தார். டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு முறை புரட்டினார்.

"கடைசியா தலைக்குக் குளிச்ச தேதிப்படி ஆறு வாரம். துடிப்பு தெரியணும். தெரியல."

தண்டனை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"பயப்படாதீங்க. கரு லேட்டா உருவாயிருந்தா இன்னும் நாள் இருக்குது. பட்டை வெச்சுப் பாத்தீங்களே, கோடு எப்ப வந்துச்சு? எப்ப சேர்ந்தீங்க? சரியான தேதி சொல்லுங்க. தப்பாச் சொன்னா நான் தப்பா முடிவு பண்ணிடுவேன்."

அத்தை என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். விரதத்துக்கு முன்னால் என்று மூன்று நாள் முந்திச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த மூன்று நாள் கணக்கில் டாக்டரம்மா என் பிள்ளையை இல்லை என்று எழுதிவிடுவாரோ என்ற பயம் மற்றப் பயத்தையெல்லாம் தள்ளிவிட்டது.

"பௌர்ணமி அன்னிக்கு, டாக்டர். மத்தியானம்."

டாக்டரம்மா விரல் விட்டு எண்ணினார். "அப்ப அஞ்சரை வாரந்தான். துடிப்பு தெரியாம இருக்கலாம். எட்டு நாள் கழிச்சு வாங்க."

ஆட்டோவில் அத்தை வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திட்டட்டும், வீட்டை விட்டுப் போகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"புள்ள தங்குற அந்த நாளு, எல்லா மாசமும் பௌர்ணமியிலதான் வந்துச்சா?" என்று கேட்டார்.

"பாக்க ஆரம்பிச்சதுல இருந்து அப்படித்தான் அத்தே."

"அப்ப ஆறு மாசமா நான்தான் உன்ன எம்பக்கத்துல படுக்க வெச்சு, வர்ற புள்ளைய வரவுடாம பண்ணியிருக்கேன்."

வீட்டு வாசலில் வெயிலில் வண்டி நின்ற பிறகும் அவர் இறங்கவில்லை. எட்டாம் நாள் திரையில் அந்தத் துடிப்பை அவர் கண்ணால் பார்க்கும்வரை, என் முகத்தை நிமிர்ந்து பார்க்க என் அத்தை பயந்தார்.