பத்துப் பொட்டும் நாலு பிஸ்டனும்

போன சனிக்கிழமை வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு ஃபான்சிக் கடைக்குள் போய் நின்றேன். வளையல், ரிப்பன், தலைக்குக் குத்துகிற கிளிப்... சுற்றிவர எல்லாரும் பெண்கள். நடுவில் நான். வயது அறுபத்து நாலு, அரைக் காற்சட்டை, முழங்கை வரைக்கும் கறுப்புக் கிறீஸ்.

"என்ன வேணும் அங்கிள்?" என்று விற்கிற பிள்ளை கேட்டது.

"பொட்டு."

"என்ன சைஸ்?"

சேர்ட் பொக்கெற்றுக்குள் இருந்து ஒரு பேப்பர் மடிப்பை எடுத்து விரித்தேன். உள்ளே பத்து ஸ்டிக்கர் பொட்டு. மெரூன் நிறம் என்று நான் சொன்னால்தான் தெரியும். பிள்ளை பொட்டைப் பார்த்தது, என் கையைப் பார்த்தது, பிறகு நல்ல மரியாதையாக, "இது என்ன அங்கிள், எஞ்சின் ஒயிலா?" என்று கேட்டது.

ஓம், எஞ்சின் ஒயில்தான். அதற்குள் பொட்டு எப்படிப் போனது? சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் கடைசியில் சிரியுங்கள்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. முன் போர்ட்டிக்கோவில் ஒரு மொரிஸ் மைனர் நிற்கிறது. கலியாணம் கட்டின வருஷம் பழசாக வாங்கினது. ஹெவ்லொக் டவுனில் மாமி வீட்டு விருந்துக்கு நானும் பவானியும் புதுப் பொம்பிளை மாப்பிள்ளையாகப் போனது அதில்தான். மகள் தர்சினியை ஆஸ்பத்திரியில் இருந்து துவாயில் சுற்றிக் கொண்டுவந்ததும் அதில்தான். நுகேகொடைச் சந்தியில், கொட்டுகிற மழைக்குள் அது நின்றுபோக, பவானி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் நின்று தள்ளினா. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

பதினொரு வருஷமாகக் கார் ஓடவில்லை. கடற்காற்று மெல்ல மெல்லத் தின்றது. "இந்த இரும்பை வித்துத் துலையுங்கோ" என்று பவானி கிழமைக்கு ஒருக்கால் சொல்லுவா. ஆனால் வாங்க ஆள் வந்தால் என்ன செய்வா தெரியுமோ? தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் இருந்து, காரின் குற்றம் குறை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லுவா. தரையில் ஓட்டை இருக்குது, மழை பெய்தால் கால் நனையும், கியர் இரண்டிலே நிற்காது... வந்தவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிப் போய்விடுவார். இப்படி ஐந்து பேர் போனார்கள்.

மனதில் இருக்கிறதைப் பவானி வாயால் சொல்லுகிறது இல்லை. நானும் அப்படித்தான். நாற்பது வருஷமாக இரண்டு ஊமைகள் கதைத்துக் கதைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறோம்.

தர்சினிக்குப் பிள்ளைப்பேறு என்று பவானி ரொறன்ரோவுக்குப் போய்ப் பத்து மாதம். ஆறு மாதம் என்றுதான் போனவ. ஆறு ஒன்பதானது, ஒன்பது பத்தானது. பிறகு மகள் தொடங்கினாள்.

"அப்பா, அம்மா இஞ்சையே நிக்கட்டும். விசாவை நீட்டலாம். நீங்களும் வாங்கோவன், அங்க தனிய இருந்து என்ன செய்யிறீங்கள்?"

"அம்மா என்ன சொல்லுறா?"

"பாப்பம் எண்டுறா."

பாப்பம். இந்தச் சொல்லோடு நான் எத்தனை வருஷம் பழகியிருக்கிறேன். அது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. அது ஒரு கதவு, பூட்டாமல் சாத்தியிருக்கும்.

"பவானி, நீர் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருக்க ஏலாமல் கிடக்குது, வாரும்." இதைச் சொன்னால் முடிந்தது. சொல்ல நாக்கு வளைய வேண்டுமே... வளையவில்லை. அதனால் காரின் எஞ்சினைக் கழற்றினேன். கார் ஓடும், அதில் எயர்போர்ட்டுக்குப் போய் அவவை ஏற்றி வருவேன், அதற்காகவாவது வருவா. இதுதான் என் திட்டம். திட்டத்தை ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. பவானிக்குத் திடீரென்று காட்ட வேண்டும் என்று ஆசை.

எனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கந்தோரில் வாகன விபத்துக் கோவை எழுதினவன். நட்டுக் கழற்றினது கிடையாது. தெரிந்தவன் அன்ரன். கொட்டாஞ்சேனையான், என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவன், துறைமுக வேர்க்‌ஷொப்பில் ஃபிட்டராக இருந்து பென்ஷன் எடுத்தவன். ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டுவிட்டு நேரே பஸ் ஏறி வருவான். கதிரையைப் போட்டு இருந்து சொல்லுவான். ஒரு ஸ்பனரும் தொட மாட்டான்.

"நான் தொட்டா அது என்ட எஞ்சின் மச்சான். நீயே கழட்டு. அப்பதான் ஒனக்கு விளங்கும்."

எஞ்சின் உடம்பை மட்டும் ஓட்டோவில் ஏற்றி இரத்மலானைக்குக் கொண்டுபோய் ஒரு லேத் கடையில் அளந்து பார்த்தோம். கடைக்காரர் உள்ளே விரலை விட்டுத் தடவி, "ஹொந்தாய் அங்கிள், ஹொந்தாய்" என்றார். நல்லதாம். ரிங்கும் பெயரிங்கும் மாற்றினால் போதுமாம். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கே அந்தச் சேர்ட்டிபிக்கேற் கிடைத்த மாதிரி இருந்தது.

பிஸ்டனைக் கழற்ற முன்னமே அன்ரன் ஒன்றை மட்டும் மூன்று தரம் சொல்லியிருந்தான். "பிஸ்டன் நாலும் எந்த ஓட்டையில இருந்து வந்திச்சோ அதே ஓட்டைக்குத்தான் திரும்பப் போகணும். மாத்திப் போட்டா எல்லாம் வீண். வெளியில எடுத்தவுடன குறி போட்டு வை."

குறி போடத்தான் வேண்டும். எதனால்? சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து, பிஸ்டன் நாலையும் தண்டோடு நிரைக்கு நிற்பாட்டினேன். பேனை எழுதவில்லை. சோக்குக்கட்டி நிற்கவில்லை. ஆணியால் கீறப் பயம். சுற்றிச் சுற்றி யோசித்தேன். கடைசியில் பவானியின் அலுமாரி லாச்சியைத் திறந்தேன். அங்கே ஸ்டிக்கர் பொட்டு மட்டை கிடந்தது.

மூளையைப் பாருங்கள். முதல் பிஸ்டனுக்கு ஒரு பொட்டு, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று, நாலாவதுக்கு நாலு. தண்டில் ஒரு இடத்தைச் சீலையால் துடைத்து ஒட்டினேன், நன்றாக ஒட்டியது. சந்தனம் வைத்த பிள்ளையார் மாதிரி நாலும் மேசையில் இருந்தன. ஆனால் மொத்தம் பத்து வேண்டும், மட்டையில் இருந்தது ஒன்பது.

பத்தாவது பொட்டு அலுமாரிக் கண்ணாடியில் இருந்தது.

பயணம் போன அன்று விடிய, குளிக்க முன்னம் பவானி நெற்றியில் இருந்து எடுத்துக் கண்ணாடியில் ஒட்டின பொட்டு அது. குளித்து வந்து புதுப் பொட்டு வைத்துக்கொண்டு போய்விட்டா. பழையது அங்கேயே நின்றது. அவ என்னிலும் கட்டை, ஆகையால் நான் தலை சீவ நின்றால் அந்தப் பொட்டு என் நாடிக்கு நேரே இருக்கும். பத்து மாதம் அதை நான் தொடவில்லை, கண்ணாடியைத் துடைக்கவும் இல்லை. ஒரு நாளைக்குத்தானே, வேலை முடியத் திருப்பி ஒட்டிவிடலாம் என்று நகத்தால் மெல்லக் கிளப்பி எடுத்து நாலாவது பிஸ்டனில் ஒட்டினேன்.

பிறகு நாலையும் பேசினில் மண்ணெண்ணெய் விட்டு ஊறப் போட்டேன். கழுவத்தானே வேண்டும்?

மண்ணெண்ணெய்க்குள் போனால் பொட்டின் பசை நிற்குமா என்று உங்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. முகம் கழுவி வந்து பார்க்கிறேன், பேசினில் பத்துப் பொட்டும் மிதக்கின்றன. எந்தப் பிஸ்டன் எந்த ஓட்டைக்கு? தெரியாது. அந்த நேரம் எனக்கு அது கவலையே இல்லை. எந்தப் பொட்டு பவானி ஒட்டின பொட்டு? ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பத்தும் ஒரே கறுப்பு. குசினி வாசலில் குந்தி இருந்து அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? பிறகு பத்தையும் பேப்பரில் காய வைத்து மடித்தேன். எது என்று தெரியாதபோது எதை எறிகிறது?

பட்ட காலிலே படும் என்பார்கள். அன்று பின்னேரமே வீடியோ கோல்.

"இஞ்சாருங்கோ, என்ர பழைய பாஸ்போர்ட் அலுமாரிக்குள்ள இருக்குது, ஒருக்கால் நம்பரைப் பாத்துச் சொல்லுங்கோ."

போனைப் பிடித்தபடி அலுமாரிக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் கிடந்த எஞ்சின் சாமான் தெரியாமல் போனைச் சுவர்ப் பக்கம் பிடித்த எனக்கு, அலுமாரிக் கண்ணாடி ஞாபகம் வரவில்லை. நம்பரை வாசித்து முடித்தேன்.

"கண்ணாடியில ஒரு பொட்டு ஒட்டிவிட்டனான்," என்றா பவானி. "துடைச்சிட்டீங்களோ?"

உண்மையைச் சொன்னால் எஞ்சின் கதையும் வெளியில் வரும். என் திடீர்த் திட்டம் என்னாவது? வாய் முந்திக்கொண்டது. "ஓம்... தூசியாக் கிடந்தது."

"ஓ," என்றா. "சரி, வைக்கிறன். பிள்ளை எழும்பியிட்டான்."

அடுத்த கிழமை முழுக்க அவவாகக் கோல் எடுக்கவில்லை. நான் எடுத்தால் பேரனைக் காட்டினா, தன் முகத்தைக் காட்டவில்லை. வெள்ளிக்கிழமை தர்சினி சந்தோஷமாகச் சொன்னாள். "அப்பா, அம்மா ஓம் எண்டிட்டா. விசா பேப்பர் நிரப்பிறன். அடுத்த மாதம் சைன் வைச்சுக் குடுத்தாச் சரி."

பாப்பம் என்ற கதவை நானே இழுத்துப் பூட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அன்ரன் வந்தான். பொட்டுக் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தான். சிரித்து முடித்து, பிஸ்டன் தண்டு ஒன்றைக் கையில் எடுத்தான். அதுதான் அவன் தொட்ட ஒரே சாமான். அடிப்பக்கம் ஐம்பது வருஷ அழுக்கு பாறையாகப் பிடித்திருந்த இடத்தை நன்றாகச் சுரண்டித் துடைத்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். இரும்பில் ஒரு இலக்கம் குத்தியிருந்தது. மூன்று.

"செஞ்சவன் அப்பவே நம்பர் குத்தித்தான் அனுப்பியிருக்கான் மச்சான். நீ மொதல்ல கழுவியிருந்தா போதும். பொட்டே தேவயில்ல."

அவன் சிரித்தான், எனக்குச் சிரிக்க வரவில்லை. தேவையில்லாத வேலைக்கு இருந்த ஒரே பொட்டையும் கொடுத்திருக்கிறேன். அன்ரன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். பிறகு, "பூட்டு மச்சான், இனி எஞ்சினப் பூட்டு," என்றான்.

மூன்று கிழமை பூட்டினேன். இடுப்பு போனது, ஒரு நகம் போனது, பவானியின் நல்ல பேசின் ஒன்றும் போனது. நாலாவது ஞாயிறு எஞ்சின் காருக்குள் இருந்தது. சாவியைத் திருப்பினேன். இருமியது. பின்னால் வெடி மாதிரி ஒரு சத்தம். பக்கத்து ஃப்ளற்றில் மூன்று ஜன்னல் திறந்தது. அன்ரன் எழும்பி வந்து எட்டிப் பார்த்தான்.

"பிளக் வயர எப்பிடிக் குடுத்திருக்க?"

"ஒழுங்காத்தான். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு."

"ஒழுங்காக் குடுத்தா ஓடாதுடா. ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. அப்பிடித்தான் எரியும்."

முப்பது வருஷம் கந்தோரில் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கின எனக்கு இதை நம்ப முடியவில்லை. மாற்றிக் கொடுத்தேன், திருப்பினேன். ஒரு தரம் உலுக்கியது. பிறகு பிடித்தது. நீலப் புகை ஒழுங்கையை மூட, கொட கொட என்று அந்தப் பழைய சத்தம்... பதினொரு வருஷத்துக்குப் பிறகு. அன்ரன் சிலுவை போட்டுக்கொண்டான். நான் போனை எடுத்தேன்.

தர்சினிதான் எடுத்தாள். "அம்மா பிள்ளைக்குப் பால் குடுக்கிறா அப்பா."

"ஸ்பீக்கரில போடு."

போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தேன். பிறகு பவானியின் குரல். "இது எங்கட காரோ?"

"ஓம்."

"ஆர் திருத்தினது?"

"நான்தான்."

எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் கேட்கும். கத்துகிறபோது வெட்கம் குறைவு என்று அன்றுதான் கண்டுகொண்டேன். "உம்மட பொட்டை நான் துடைக்கேல்லை. நாலாம் பிஸ்டனில குறிக்கு ஒட்டினனான். மண்ணெண்ணெய்க்குள்ள விழுந்திட்டுது. பத்தில எது உம்மட எண்டு தெரியேல்லை, பத்தையும் வைச்சிருக்கிறன். நீர் இல்லாம எனக்கு இஞ்ச இருக்க ஏலாமக் கிடக்குது."

ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். ஜன்னல்கள் திறந்துதானே கிடந்தன.

"உங்களுக்கு விசரே?" என்றா. நான் சாவியில் கை வைத்த சத்தம் கேட்டதோ என்னவோ, "நிப்பாட்டாதேங்கோ," என்றா. "கொஞ்சம் ஓடட்டும்."

ஓடவிட்டேன். இங்கே கார் ஓடியது, அங்கே அவ கேட்டுக்கொண்டிருந்தா.

வருகிறேன் என்று பவானி சொல்லவில்லை. சொல்ல மாட்டா. இரண்டு நாள் கழித்து ஒரு வரி மெசேஜ் வந்தது. "எயர்போர்ட்டுக்கு வேன் பிடிக்க வேண்டாம்." திகதியை மகள்தான் கொஞ்சம் கோபத்தோடு அனுப்பினாள். விசா பேப்பர் சைன் வைக்காமலே கிடக்கிறதாம்.

இன்னும் ஒன்பது கிழமை. புதுக்கக் கட்டின எஞ்சினை முதலில் அமத்தி ஓட்டக் கூடாதாம், பொறுமையாகத்தான் பழக்க வேண்டுமாம். தினமும் விடிய இரத்மலானை வரைக்கும் மெல்லப் போய் மெல்ல வருகிறேன். பக்கத்து சீற் வெறுமையாக இருக்கிறது. வளைவுகளில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

அந்தக் கடையில் பொட்டு மட்டை வாங்கி லாச்சிக்குள் வைத்துவிட்டேன். கண்ணாடியில் நான் ஒன்றும் ஒட்டவில்லை... ஒட்டுகிற ஆள் வந்து ஒட்டட்டும்.