பிந்தி வந்த கப்பற்படை

எங்கள் விளையாட்டில் காற்றுக்கு ஒரு விதி இருந்தது. எழுதியவன் நான். வெளியே அந்த நேரம் எந்தத் திசையிலிருந்து காற்று அடிக்கிறதோ, மேசையில் விரித்த கடலிலும் அதே காற்றுத்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னர் இருவரில் ஒருவர் பின்கதவுக்குப் போய், உடுப்புக் காயும் கொடியைப் பார்க்க வேண்டும். மனைவியின் சேலை கிணற்றுப் பக்கம் பறந்தால் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. சமைக்கும் குசினிப் பக்கம் பறந்தால் வாடை, வடகிழக்கிலிருந்து வருவது. சேலை அசையாமல் தொங்கினால் இரண்டு படையும் நின்ற இடத்தில் நிற்கும்.

ஆங்கிலேயக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது அதிகாரிகளின் தளபாடங்கள் ஏலத்துக்கு வந்தன. நான் ஓர் அலுமாரி எடுத்தேன். உள்ளே போர்களைப் பற்றிய புத்தகங்கள் கிடந்தன. துடுப்புக் கப்பல்களின் காலத்தில் தொடங்கி, எங்கள் துறைமுகத்தில் குண்டு விழுந்த கடைசி யுத்தம் வரைக்கும் இருந்தன. மேசையில் போர் விளையாடும் முறைகளை ஒன்றில் விவரித்திருந்தார்கள். எல்லாவற்றையும் வரிசைப்படி படித்தேன். படிக்கப் படிக்க அலுப்புத்தான் வந்தது. ஆயுதங்கள் மாறுகின்றன. தண்ணீர் தீர்ந்துபோவதும், செய்தி சேராததும், உதவிக்கு வருகிறவன் பிந்துவதும் அப்படியே இருக்கின்றன.

என்னோடு விளையாடியவர் கிண்ணியாக்காரர், துறைமுகக் கந்தோரில் என் பக்கத்துக் கதிரை. என்னைவிட மூத்தவர் என்பதால் நானா என்று கூப்பிடுவேன். சனிக்கிழமைகளில் அரைநாள் வேலை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து, பின்னேர பஸ் வரை இருப்பார்.

ஒவ்வொரு ஆவணியிலும் ஒரே போர்தான். ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன் பிரெஞ்சுக்காரர் எங்கள் ஊர்க் கோட்டையை முற்றுகையிட்டார்கள். அதைக் காப்பாற்ற ஆங்கிலேயரின் கப்பற்படை சென்னைப் பட்டினத்திலிருந்து புறப்பட்டது. எதிரே கச்சான். படை வந்து சேர்ந்தபோது கோட்டையில் வேறு கொடி பறந்தது. கரம் விளையாட்டுக் காய்களில் கறுப்பைப் பிரெஞ்சுக்காரருக்கும் வெள்ளையை ஆங்கிலேயருக்கும் வைத்தோம். கறுப்பு எனக்கு, வெள்ளை அவருக்கு. ஒவ்வொரு வருடமும் அவர் பிந்தினார்.

"ஒருக்கா மாறி விளையாடுவமே நானா? எனக்கு வெண்டு வெண்டு அலுத்துப்போச்சு."

"எனக்குத் தோத்து அலுக்கல்லயே தம்பி. இந்தக் கப்பலக் கொண்டு வந்து சேர்க்க ஏலுமா எண்டு பாக்கோணும். அவ்வளவுதான்."

அவர் ஏன் வெள்ளையை விடவில்லை என்பது எனக்குத் தெரியும். கிண்ணியாவுக்குப் போக அப்போது பாதைதான். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் தட்டையான பெரிய மிதவையை அப்படித்தான் சொல்வோம். வாடை பலத்தால் அதைக் கட்டிவிடுவார்கள். அவருடைய மனைவிக்கு மூன்றாவது பிள்ளைப்பேறு வந்த நாளில் அவர் கந்தோரில் இருந்தார். செய்தி கேட்டு ஓடினார். பாதையைக் கட்டியிருந்தார்கள். காற்றுத் தணிந்து அவர் வீடு சேர்ந்தபோது மனைவி இறந்திருந்தார். பிள்ளை தப்பியது.

"இக்கரையில நிண்டா எங்கட வீட்டுக் கூரை தெரியும் தம்பி" என்று ஒரே ஒரு தரம் சொன்னார். பிறகு அந்தக் கதையை எடுத்ததில்லை.

ஒரு வருடம் கந்தோரில் சாமான் கணக்கெடுப்பு இழுபட்டு, நாங்கள் ஐப்பசியில்தான் கடல் படத்தை விரித்தோம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

"நடந்தது ஆவணியில நானா. இப்ப வாடை துவங்கிற காலம். உங்களுக்குப் பின்காற்று."

"வெளியில என்ன காத்தோ அதுதான் எண்டு எழுதினது ஆரு? நானா?"

"நான்தான்."

"மறுகா என்ன? பீரங்கிய உருட்டுங்க."

மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்கட சண்டை எப்பதான் முடியும்? நானும் மேசையில இருந்து சாப்பிட ஆசைப்படுறன்."

"பிரெஞ்சுக்காரன் விட்டா நாளைக்கே தாறன் தங்கச்சி."

அந்த மாதம் அவருடைய இளைய மகளுக்கு நிறைமாதம். அன்று தப்பிய பிள்ளைதான். மருத்துவிச்சி இன்னும் ஒரு கிழமை இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். அதை அவர் எங்கள் வீட்டில் இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் காற்றே இல்லை. காய்கள் கிடந்த இடத்தில் கிடக்க, தேநீர் குடித்தோம். அவருடைய வெள்ளைக் காய்கள் குடாவின் வாசலுக்கு வந்திருந்தன. என் முற்றுகையும் முடியவில்லை. ஒரு நகர்வுக்குக் காற்றுக் கிடைத்தால் போதும், முதன்முறையாகக் கோட்டை தப்பும். மூன்று மணி போலப் பின்கதவு படாரென்று அடித்தது. அவர் எழுந்துபோய்ப் பார்த்தார். வெகுநேரம் திரும்பவில்லை. நானும் போனேன். சேலை குசினிச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

"வாடை" என்றேன். "உங்கட காத்து நானா. இந்த முறை வந்திட்டியள்."

அவர் வேலிக்கு அப்பால் வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

"தம்பி, பாதை ஓடுமா?"

மனைவிதான் சொன்னாள்: "இப்பவே வெளிக்கிடுங்கோ நானா. பலக்க முதல் போனாச் சரி."

அவர் குடையைக்கூட எடுக்கவில்லை.

"கப்பல்?" என்று வாசலில் கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை.

"அது நிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமையும் மழை. நாங்கள் குசினியில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். மேசையைத் தொட வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மனைவி தொடவுமில்லை.

திங்கட்கிழமை அவர் கந்தோருக்கு வந்தார். கடைசியாகப் போன பாதையில் ஏறியிருக்கிறார். அவரை இறக்கிய பிறகு அதைக் கட்டிவிட்டார்கள்.

"மகள்?"

"ஒண்டும் நடக்கல்ல தம்பி. நனைஞ்சு போய் நிண்டன். என்னத்துக்கு வாப்பா இந்த மழைக்குள்ள வந்த எண்டு ஏசினா. தலையத் துடைச்சிட்டுச் சும்மா இருந்தன். நேத்தும் இருந்தன்."

பிள்ளை அடுத்த கிழமை, கடல் அடங்கியிருந்த ஒரு காலையில் பிறந்தது. பெண்பிள்ளை.

அதற்கு முந்திய சனிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பிந்திய சனிக்கிழமை, பேத்தி பிறந்த சந்தோசத்துக்குத் தொதல் என்ற இனிப்புக் கொண்டுவந்தார். மேசையில் எல்லாம் விட்டபடியே கிடந்தது. கொடியைப் பார்க்க எழுந்தேன்.

"இருங்க தம்பி. அதெல்லாத்தயும் பெட்டிக்குள்ள போடுங்க."

"ஒரு நகர்வுதானே நானா? வெண்டிடுவீங்கள்."

"அந்தப் படை வழமை போலப் பிந்தட்டும்" என்று தொதலை மேசையில் வைத்தார். மனைவி அன்றைக்கே மேசைவிரிப்பைப் போட்டுவிட்டாள்.

அடுத்த ஆவணியில் அவர் கறுப்பைக் கேட்டார். அன்றிலிருந்து பிந்தி வருவது என் வேலையாகிவிட்டது.