சோலார் கம்பெனி நடத்தும் தையல் வகுப்பு

எங்கள் ஊர் வண்டித்தடத்தை மறித்து வேலி போட்ட சோலார் கம்பெனி, ஊர் நன்மைக்கென்று இன்று பெண்களுக்கு இலவசத் தையல் வகுப்பு தொடங்கியது.

திருப்பூருக்குப் பக்கத்தில். தையல் வகுப்பு!

பனியன் கம்பெனியில் பல வருடமாக ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் பக்கத்து வீட்டுச் சாந்தி அக்காவை முதல் ஆளாக உட்கார வைத்தார்கள்.

கேமராவோடு வந்த சோலார் கம்பெனி அதிகாரி, "மேடம், இவ்வளவு வேகம் வேண்டாம். கொஞ்சம் தெரியாத மாதிரி தைங்க" என்றார்.

அக்கா மெஷினிலிருந்து கையை எடுத்தார். "தைக்கறது இருக்கட்டுங்க. தெனமும் பனியன் கம்பெனி வேனைப் புடிக்க, நீங்க வேலி போட்ட காட்டைச் சுத்தி ஓடறமுங்க. தடத்தை எப்பத் தொறந்து உடுவீங்க?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். இப்ப சிரிங்க."

எங்களுக்குத் தையல். வேலி போட்ட பிறகு உங்கள் ஊருக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?