கெப்டன் கம்சலாவின் இறுதிப் போட்டி

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கம்சலாவைக் கொழுந்து பறிக்கிற மலையிலும் கெப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்து மைதானம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். விக்கெட் காப்பாளரைத் தாண்டினால் பந்து பள்ளத்தில் உருண்டுகொண்டே போகும். அதைப் பார்த்துத்தான், குனிந்து பந்தைத் தோளுக்கு மேலே பின்பக்கம் தூக்கிவிடும் அடியை அவள் கண்டுபிடித்தாள். பந்துவீச்சிலும் தனி வழிதான். வேகமாக ஓடிவந்து விரலை மடித்து மெதுவாக விடுவாள். எதிராளி துடுப்பைச் சுழற்றி முடித்த பிறகுதான் பந்து வந்து சேரும்.

இந்த இரண்டையும் வைத்தே பெண்கள் அணியைப் பதுளையில் நடந்த மென்பந்துக் கிரிக்கெட் தொடரின் இறுதிப் போட்டிவரை கொண்டுவந்துவிட்டாள். மாகாண இளையோர் அணிக்கு ஆள் எடுப்பவர்களும் அன்றைக்கு வருவதாக இருந்தது.

முந்தின நாள் மலையில் குளவிக் கூடு கலைந்தது. எல்லாரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தடுக்கி விழுந்த, கூடக் கொழுந்து பறிக்கும் பரிமளத்தைத் தூக்கத் திரும்பிய கம்சலாவின் வலக்கையில் குளவிகள் மொய்த்துவிட்டன. மருந்து போட்டும் விடியும்போது கை உப்பிக் கிடந்தது. விரல் மடங்கவில்லை.

"நீங்க வெளிய இருங்கக்கா," என்றாள் அணியில் பந்து வீசும் நிவேதிகா.

"நான் நின்னாத்தான்டி பதினொரு பேரு."

போட்டியில் அவள் அந்த அடியை அடிக்கப் போனபோது துடுப்பு கையில் நழுவி, பந்து நேராக எதிரணிக்காரி ஒருத்தியின் கைக்குள் போய் விழுந்தது. பந்து வீச வந்தபோது பிடியே கிடைக்கவில்லை. முதல் இரண்டும் எங்கோ போயின. மூன்றாவதைக் கீழ்க்கையாக வீசிப் பார்த்தாள்.

"தங்கச்சி, அப்பிடி வீச ஏலாது. நோபோல்," என்றார் நடுவர் ஷிபான்.

இடக்கைக்கு மாற்றினாள். அதையும் அடித்துத் தள்ளினார்கள். மீதி ஓவர்களை நிவேதிகாவிடம் கொடுத்துவிட்டு, கத்திக் கத்தி ஆட்களை நகர்த்தினாள். கடைசி ஓவரில் லேசான பிடி ஒன்று அவளிடமே வந்தது. வீங்கிய உள்ளங்கையில் பட்டுத் தெறித்துத் தரையில் விழுந்தது. ஆட்டம் அதோடு போயிற்று.

தேர்வாளர்கள் நிவேதிகாவை எடுத்துக்கொண்டார்கள்.

"சேர், கை ஆறினதும் என்னைய ஒருக்கா பாப்பீங்களா?" என்று அவர்களில் ஒருவரிடம் போய்க் கேட்டாள் கம்சலா.

"இந்த வருஷம் முடிஞ்சிருச்சிம்மா. அடுத்த வருஷம் வாங்க."

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும் சேர்."

அவர் பெயர்ப் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார்.

பஸ்ஸில் பிள்ளைகள் அழுதுகொண்டே வந்தார்கள். கெப்டன் ஏதாவது சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்தார்கள். நிவேதிகா மட்டும் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். கம்சலா அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.