ஆனி முடிவதற்குள் ஒரு செங்கல்

திருச்சி மருத்துவர் அம்மாவின் வலது முட்டியைப் படத்தில் காட்டி, "இதை மாத்திடலாம். வீட்ல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குல்ல?" என்று கேட்டார். நான் சற்றும் யோசிக்காமல் "இருக்கு டாக்டர்" என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். இலுப்பூரில் எங்கள் வீட்டில் இருந்தது கொல்லைக் கடைசியில், முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம், குத்தவைத்து உட்காரும் பழைய கழிப்பறை. மழைக்காலத்தில் அங்கே குடையோடு போய்க் குடையோடு திரும்ப வேண்டும்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார்.

"ஏன்டா, இல்லாத ஒண்ண இருக்குங்கிற?"

"கட்டிருவோம்மா."

"நீ கட்டுவ."

அந்த இரண்டு சொல்லில் என் வாழ்க்கை முழுவதும் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் பச்சையடித்த கேட். ஏழாம் படியோடு நின்றுபோன மாடிப்படி. முதல் நாற்பது பக்கம் வரை கையெழுத்து அழகாகவும் அதற்குப் பிறகு வெள்ளையாகவும் இருக்கிற நோட்டுகள். காற்றடித்தால் கிளம்பிவிடுகிற ஆள் நான். காற்று நின்றால் நின்றுவிடுவேன், எங்கே நிற்கிறேன் என்று பார்ப்பதில்லை.

பேருந்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அம்மா தன் நிபந்தனையைச் சொன்னார். "முட்டிய மாத்துங்க, வேணாங்கல. நடக்கையில பிடிங்க, படுக்கையில தூக்குங்க, எல்லாம் சரி. அந்த ஒரு எடத்துக்கு மட்டும் நான் தனியாத்தான் போவேன். அதுக்கும் ஒருத்தர் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்னா, இந்தப் பழைய முட்டியே போதும் எனக்கு."

அறுவைச் சிகிச்சைக்கு ஆடி இரண்டாம் வாரம் நாள் குறித்திருந்தார்கள். ஆனியில் ஐந்து நாள் மிச்சம்.

என் மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, நேரில் பார்த்தேயிராத பதினான்கு பேரை வேலை வாங்குகிறவள். நான் விஷயத்தைச் சொன்னதும் மடிக்கணினியை மூடினாள். அவள் அதை மூடினால் வீட்டில் ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று பொருள்.

"இது ஒரு ப்ராஜெக்ட்ங்க" என்றாள். "எந்த ப்ராஜெக்டுக்கும் அஞ்சு கட்டம். தொடங்குறது, திட்டம் போடுறது, செய்யுறது, செய்யுறதைக் கண்காணிக்கிறது, முடிச்சு ஒப்படைக்கிறது. இதுல நீங்க எது வரைக்கும் போயிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

"தொடங்குறது."

"அதுலயும் பாதி."

ஒரு பெரிய தாளில் கட்டங்கள் வரைந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். கோடுகள் அழகாக இருந்தன, வயலில் பாத்தி கட்டியது போல. எந்தக் கட்டத்துக்கு எத்தனை நாள், யார் பொறுப்பு, என்ன தவறு நடக்கலாம் என்றெல்லாம் எழுதியிருந்தாள். 'தவறு நடக்க வாய்ப்புகள்' என்ற பகுதியில் மழை, மணல், கொத்தனார் வராமை என்று மூன்று இருந்தன. நான்காவதாக 'இவர்' என்று இருந்தது.

மறுநாள் கொத்தனார் வந்தார். தாளை முழுவதும் படித்தார். தலையாட்டினார். பிறகு, "எல்லாம் நல்லா இருக்குக்கா. ஆனா ஆடியில புது வேலை ஆரம்பிக்கிறதில்ல" என்றார்.

"கக்கூஸ் கட்டுறதுக்குக்கூடவா?"

"கட்டடம் கட்டடந்தானக்கா."

"சித்தன்னவாசல்ல பாறையைக் கொடஞ்சவங்க ஆடி பாத்துட்டா கொடஞ்சாங்க?"

"அதான் பாருங்க, சாயமெல்லாம் உதிருது."

மனைவியின் பதினான்கு பேரில் ஒருவர்கூட அவளை இப்படி நிறுத்தியதில்லை. கொத்தனாரே இரங்கி வழியும் சொன்னார். ஆனி முடிவதற்குள் பூசை போட்டு ஒரே ஒரு கல் வைத்துவிட்டால் போதும். அதன் பிறகு ஆடியில் நடப்பது புது வேலை இல்லை, தொடர்ச்சி வேலை. சாமிக்கும் சங்கடமில்லை, நமக்கும் சங்கடமில்லை.

"அப்ப திட்டம்?" என்றாள் மனைவி.

"மொதல்ல கல்லு. திட்டம் பின்னால வரும்க்கா, அது எங்க போகுது?"

ஆனி கடைசி நாள் காலை. நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம். மனைவி உள்ளே ஏதோ கூட்டத்தில் இருந்தாள். கொத்தனார் ஒரு செங்கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, அதைக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு நின்றார். அம்மாவின் அறைக்குப் பின்னால், மதில் வரை கிடக்கிற அந்தச் சிறு துண்டு நிலத்தில்தான் கழிப்பறை வரப்போகிறது.

"எந்த மூலையிலண்ணே வைக்க? சீக்கிரம் சொல்லுங்க, நேரம் ஓடுது."

நான் பார்த்தேன். மதிலோரத்து நந்தியாவட்டை இரவெல்லாம் உதிர்த்து வைத்திருந்தது. வெள்ளைப் பூக்களின் மேல் வெயில் ஒரு மூலையில் மட்டும் வந்து இறங்கியிருந்தது, அங்கேயே உட்காரச் சொல்லி யாரோ பாய் விரித்தது போல. "இங்கிட்டு வைங்க" என்றேன். வைத்தார். தேங்காய் உடைத்தோம். சூடம் எரிந்தது. பெரிதாக ஏதோ சாதித்துவிட்ட நிறைவு எனக்குள் பரவிற்று. முதல் கட்டத்தில் என்னை வெல்ல ஆள் கிடையாது.

கூட்டம் முடிந்து மனைவி வந்தாள். கல்லைப் பார்த்தாள். மதிலோரம் சற்றுத் தள்ளி இருக்கும் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்தாள். மீண்டும் கல்லைப் பார்த்தாள்.

"என்னங்க இது? கோப்பை வர வேண்டிய எடத்துல கொண்டுபோய் வச்சிருக்கீங்க?"

"கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாமே."

கொத்தனார் இரண்டு எட்டு பின்னால் போனார். "வச்ச கல்ல எடுத்தா வேலைய நிறுத்திட்டதா அர்த்தம்ணே. திரும்ப ஆவணியிலதான் வைக்க முடியும்."

"அப்ப எடுக்க வேணாம். அதுக்கு மேலயே கோப்பைய வச்சுருங்க" என்றாள் மனைவி.

"சாமி கும்புட்ட கல்லு மேலயா? அதுல உக்காந்து... வேணாம்க்கா. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "ஏன் அங்க வச்சீங்க?"

"பூ உதிர்ந்து கெடந்துச்சு."

"அழகா இருந்துச்சா?"

"ரொம்ப."

அன்று மதியம் ரசத்தில் உப்பு இல்லை. தவறி நடந்தது என்று நான் நினைக்கவில்லை.

ஆக, எங்கள் திட்டம் அந்தக் கல்லைச் சுற்றி வளைந்து வளர்ந்தது. கல் இருந்த மூலையில் குழாயும் வாளியும் என்று முடிவாயிற்று. கோப்பை எதிர்ச் சுவருக்கு வந்தது. கோப்பை வந்ததும் கதவு ஒதுங்கியது. தாளில் கதவுக்கு மூன்றடி போட்டிருந்த மனைவி அதை அடித்து இரண்டரை என்றாள், அதையும் அடித்தாள். "கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கும். உள்ள போனா போதுமில்ல?" என்றார் கொத்தனார். உள்ளே போகப்போகிற அம்மா அப்போது பத்தடி தள்ளி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எங்களில் யாரும் அவரைக் கேட்கவில்லை. தாளின் தலைப்பிலேயே 'பயன்படுத்துபவர்: அத்தை' என்று எழுதியிருந்தது. எழுதியாயிற்று, பிறகென்ன?

வேலை நடக்கத் தொடங்கியது என்று சொல்ல ஆசைதான். முதல் நாள் கொத்தனார் வந்தார். அடுத்த மூன்று நாள் வரவில்லை. நான் குளத்தூரில் வேலை முடிந்து வண்டியில் திரும்பும்போது வழியில் ஒரு வீட்டுச் சாரத்தின் மேல் அவரைக் கண்டேன். கீழிருந்து கூப்பிட்டேன்.

"என்ன செய்யச் சொல்றீங்கண்ணே? ஆனி கடைசின்னு ஊரே கல்லு வச்சுச்சு. அன்னைக்கு ஒரு காலையில மட்டும் ஒன்பது கல்லு வச்சேன். ஒன்பது வீட்டுக்கும் ஒரே ஆளு."

வீட்டில் சொன்னேன். மனைவி தலையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் அவர் வந்ததும் அவள் தன் அலுவலக வழக்கத்தை இறக்கினாள். தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், என்ன தடை என்று ஆளுக்கு ஒரு நிமிடம் சொல்ல வேண்டும். உட்காரக் கூடாது.

கொத்தனாரோடு வேலை செய்கிற சித்தாள் அக்கா, சும்மாட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "நாங்க காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னுக்கிட்டுத்தானம்மா இருக்கோம். இதுக்குத் தனியா ஒரு கூட்டமா?"

"உங்க முறை அப்பறம்க்கா. மொதல்ல கொத்தனார் சொல்லுங்க."

கொத்தனார் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பவர் போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நேத்து வரல. இன்னைக்கு வந்திருக்கேன். தடைன்னா... டீ இன்னும் வரல."

ஆனாலும் சுவர் எழுந்தது. செங்கல் வரிகள் ஒன்றின் மேல் ஒன்றாக, யாரோ நிதானமாகச் சொல்லும் வாக்கியம் போல ஏறின. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. எந்த வரியையும் அவர் அடித்துத் திருத்தவில்லை. சுவர் தோள் உயரம் வந்தபோது அம்மாவை மருத்துவமனையில் சேர்க்கும் நாள் வந்துவிட்டது. நானும் மனைவியும் அவரோடு திருச்சிக்குப் போனோம்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அங்கிருந்தபடியே மனைவி கண்காணிப்புக் கட்டத்தை நடத்தினாள். தினம் மாலை புகைப்படம் அனுப்பும்படி கொத்தனாரிடம் சொல்லியிருந்தாள். முதல் நாள் ரோஜாப்பூவும் 'இனிய மாலை வணக்கம்' என்ற வாசகமும் வந்தன. இரண்டாம் நாள் உண்மையாகவே ஒரு சுவரின் படம் வந்தது. முழு உயரம், நேர்த்தியான பூச்சு. மனைவி மகிழ்ந்துபோய் அம்மாவிடம் காட்டினாள். அம்மா படுத்தபடியே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நம்ம வீட்டுல ஏதுத்தா ஆடு?"

சுவரின் மேல் ஒரு வெள்ளாடு நின்றுகொண்டிருந்தது. பின்னணியில் நீல நிறத் தண்ணீர்த் தொட்டி. எங்கள் தொட்டி கறுப்பு. மனைவி உடனே அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"கொத்தனாரே, ஆடு யாருது?"

"எந்த ஆடுக்கா?"

"படத்துல நிக்கிற ஆடு."

"வந்து ஏறியிருக்கும்க்கா."

"தொட்டி கலரும் வந்து மாறியிருக்குமோ?"

"நாளைக்கு ஒங்க வீடுதான்க்கா. சத்தியமா."

அம்மா சிரித்தார். சிரித்தால் கால் வலித்தது, வலித்தாலும் சிரித்தார். அந்த வார்டில் அவர் சிரித்தது அன்றுதான் முதல் முறை. மற்ற நேரமெல்லாம் முகம் இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு செவிலியர் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு நடத்திப்போவார். உள்ளேயும் கூடவே நிற்பார். திரும்பி வந்ததும் அம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "வேலை முடிஞ்சுருமாடா?" என்று ஒரு நாள் கேட்டார். அதற்கு முன் என்னிடம் அவர் எதையும் அப்படிக் கேட்டதில்லை. அன்றே நான் இலுப்பூருக்குக் கிளம்பினேன். மூன்று நாள் கொத்தனாரின் வண்டிச் சாவியை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கூடவே நின்றேன். மண் சலித்தேன், சித்தாள் அக்காவிடம் திட்டு வாங்கினேன். நாலாம் நாள் காலையில் கோப்பை பொருந்தி, தண்ணீர் ஓடி, சுவரில் கைப்பிடியும் வாசலில் கதவும் மாட்டியாயிற்று. நான் தொடங்கிய ஒன்று முடிந்திருந்தது. எங்கே நிற்பது என்று தெரியாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அன்று மதியம் அம்மா காரில் வந்து இறங்கினார். மருத்துவமனையில் கொடுத்த நாலுகால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, டக் டக்கென்று, யாருடைய கையும் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, நேராகப் புதுக் கழிப்பறைக்கு நடந்தார். திருச்சியிலிருந்து அடக்கிக்கொண்டு வந்திருக்கிறார். நான், மனைவி, கொத்தனார், சித்தாள் அக்கா நான்கு பேரும் பின்னாலேயே போனோம். கதவைத் திறந்தேன். அம்மா வாக்கரை முன்னே வைத்தார்.

டங்.

இரண்டு பக்க நிலையிலும் இடித்து நின்றது. மறுபடி தூக்கி வைத்தார். மறுபடி டங்.

நாங்கள் நால்வரும் கதவைப் பார்த்தோம். தாளில் மழை இருந்தது, மணல் இருந்தது, நானும் இருந்தேன். வாக்கரின் அகலம் இல்லை.

"ஆத்தா, கொஞ்சம் சாஞ்சாப்புல போயிப் பாருங்களேன்" என்றார் கொத்தனார்.

"சாயுறதுக்கா கால வெட்டித் தச்சு வச்சிருக்கானுக?"

"நான் பிடிச்சுக்கிறேன் அத்தை, வாக்கரை விட்டுட்டு..." என்று மனைவி கையை நீட்டினாள்.

அம்மா அந்தக் கையைப் பார்த்தார். கண் கலங்கிற்று. முட்டி வலிக்கே கலங்காத கண்.

கொத்தனார் அதைப் பார்த்துவிட்டார். "தள்ளுங்கண்ணே" என்றார். கடப்பாரையை எடுத்தார். காலையில்தான் மாட்டிய பிளாஸ்டிக் கதவைக் கழற்றிச் சித்தாள் அக்காவின் கையில் கொடுத்தார். நிலையின் இரண்டு பக்கத்தையும் நெம்பினார். சிமென்ட் இன்னும் முழுதாக இறுகவில்லை, பெயர்ந்து வந்தது. பத்து நிமிடம் ஆகியிருக்காது. அந்த வேலை முழுவதிலும் அவர் அவ்வளவு வேகமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விரற்கடை கூடிற்று. மனைவி உள்ளே ஓடித் தன் பழைய புடவை ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தாள். நான் ஆணியடித்தேன். வாசலில் சுங்குடிப் புடவை தொங்கியது.

அம்மா வாக்கரைத் தூக்கி வைத்தார். இடிக்கவில்லை. ஒரு எட்டு. இன்னொரு எட்டு. புடவை அவருக்குப் பின்னால் விழுந்து மூடிக்கொண்டது.

நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விழுந்துவிடுவாரோ என்று மனைவி, சுவர்க் கைப்பிடி தாங்குமோ என்று கொத்தனார், இரண்டுக்குமாக நான். சித்தாள் அக்கா கதவைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கீழ எட்டுக் காலு தெரியுது எனக்கு."

நாங்கள் குனிந்து பார்த்தோம். புடவை தரையிலிருந்து ஒரு சாண் மேலே நின்றிருந்தது.

"எல்லாரும் அங்கிட்டுப் போங்க. ஆடு மாடாட்டம் நின்னுக்கிட்டு."

போனோம். முருங்கை மரம் வரை போய், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஒரே மூச்சாக இறங்குகிற சத்தம் கேட்டது. கொத்தனார் மட்டும் மெல்லத் தலையைத் திருப்பப் பார்த்தார்.

"திரும்பாதய்யா" என்றார் சித்தாள் அக்கா.