பவர் பட்டனை அழுத்திய பத்து விநாடி

மல்லேஸ்வரத்தில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சரிசெய்த மெஷின்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்ததும் முதலில் நினைவுக்கு வருவது நான் கெடுத்த ஒன்றுதான்.

அது ஒரு திங்கட்கிழமை. சனி, ஞாயிறு வீட்டில் நோண்டிப் பார்த்துவிட்டு முடியாமல் போனவர்கள் எல்லாம் திங்கட்கிழமை காலையில் கடைக்கு வந்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் நாற்பது வயதை நெருங்கும் ஒரு பெண் பொறுமையாக நின்றார். தன் முறை வந்ததும் துணிப்பையிலிருந்து டவலில் சுற்றிய லேப்டாப்பை எடுத்து வைத்தார். கொஞ்சம் பழைய மெஷின். ஓரத்தில் சின்ன விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. ஸ்லீப்பில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

"திறந்தா ஒண்ணுமே வரலைண்ணா, கறுப்பாவே இருக்கு. உள்ள லினக்ஸ் போட்டிருக்கு" என்றார்.

மூடியைத் திறந்தேன். விட்டு விட்டு எரிந்த விளக்கு நிலையாக எரியத் தொடங்கியது. ஃபேன் லேசாகச் சுற்றியது. திரை மட்டும் இருட்டாக இருந்தது. லினக்ஸ் போட்ட மெஷின் ஸ்லீப்பிலிருந்து எழாமல் போவது நான் நூறு தடவை பார்த்த கோளாறு. அந்தப் பெண் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் என் விரல் பவர் பட்டனுக்குப் போய்விட்டது. பத்து விநாடி அழுத்திப் பிடித்தேன். எல்லாம் அணைந்தது. மறுபடி அழுத்தினேன், திரையில் வெளிச்சம் வந்தது.

"வந்துடுச்சு பாருங்க மேடம்" என்று அவர் பக்கம் திருப்பினேன்.

டிஸ்க்கின் பாஸ்வேர்டைக் கேட்டு ஒரு கட்டம் நின்றது. அவர் ஒன்றைப் போட்டார், தவறு என்றது. நிதானமாக இன்னொரு முறை போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். இந்த ஸ்கிரீனைத் தான் பார்த்ததே இல்லை, தன் கணவர் போட்டோ இருக்கிற ஒரு ஸ்கிரீன்தான் எப்போதும் வரும், அதற்கான பாஸ்வேர்டு மட்டும்தான் தனக்குத் தெரியும் என்றார்.

வீட்டுக்காரருக்கு போன் போட்டுக் கேளுங்கள் என்றேன்.

"அவரு போயி இன்னையோட பதினாறு நாளுண்ணா" என்றார்.

அவர் பெயர் மஞ்சுளா. ஹெப்பகோடியில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. கணவர் இளங்கோ ஒரு ஆபீசில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு சனிக்கிழமை காலை தன் சொந்த லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு ஆபீஸ் வண்டிக்காக ரோட்டில் நின்றவர், அங்கேயே சரிந்துவிட்டார். மாரடைப்பு. நாற்பத்தொரு வயது. இரண்டு பேரும் வாணியம்பாடிக்காரர்கள். வீட்டை எதிர்த்து ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர் வந்தவர்கள். கல்யாண ஆல்பம் என்று எதுவும் கிடையாது. போன்களில் இடமில்லாமல் போனபோதெல்லாம் போட்டோக்களை இளங்கோ இந்த லேப்டாப்புக்கு மாற்றிவிடுவார். மகள் பிறந்ததிலிருந்து பன்னிரண்டு வருடப் படங்கள் இதில்தான் இருந்தன. சார்ஜ் இறங்கிவிடக் கூடாது என்று மஞ்சுளா பதினாறு நாளும் சார்ஜரைப் போட்டே வைத்திருந்து, இளங்கோ ஒருமுறை இங்கே ரேம் மாற்றிய ரசீதைத் தேடி எடுத்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

இளங்கோ இந்த மெஷினை ஷட்டவுன் செய்கிறவர் இல்லை. மூடுவார், திறப்பார், அவ்வளவுதான். டிஸ்க் முழுவதும், பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்யப்பட்டது. ஒருமுறை பாஸ்வேர்டு போட்டுத் திறந்தால், அந்தச் சாவி மெமரியில் இருக்கும். ஸ்லீப்பில் இருக்கும்வரை அது போகாது. பவரை நிறுத்தினால் போய்விடும். பதினாறு நாளாக மஞ்சுளா காப்பாற்றி வைத்திருந்தது அந்தச் சாவியைத்தான். அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எழாத மெஷினுக்கு வேறு வழியே இல்லை, யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பினார். சொல்லும்போது நானும் நம்பினேன்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில், பாஸ்வேர்டை ஊகித்துப் போட்டுப் பார்க்க மஞ்சுளா கடைக்கு வரத் தொடங்கினார். வீட்டிலேயே முயற்சி செய்யலாம்தான். ஆனால் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் அம்மாவின் முகத்தையே பார்க்கிறாளாம். அதனால் மெஷினைக் கடையிலேயே விட்டிருந்தார். ஒரு கோடு போட்ட நோட்டில் வாரம் முழுக்க யோசித்து எழுதிக்கொண்டு வருவார். மகளின் பெயர், இளங்கோவின் ஊர்த் தெரு, காலேஜுக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் போன பஸ்ஸின் நம்பர், முதலில் குடியிருந்த வீட்டின் கதவு எண். மூன்று தடவை தவறாகப் போட்டால் மெஷினை மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். அதை நான் செய்து கொடுப்பேன். ஒருநாள் திரையைத் தன் பக்கம் நன்றாகத் திருப்பிக்கொண்டு எதையோ டைப் செய்தார். இளங்கோ தன்னை வீட்டில் கூப்பிட்ட பெயர் என்றார். அதுவும் இல்லை. நோட்டில் அதைப் பென்சிலால் அடித்தார்.

இப்படி ஏழெட்டு வாரம் போயிருக்கும். பக்கத்துக் காலேஜ் லெக்சரர் ஒருவர் அதே மாடல் லேப்டாப்பைக் கொண்டு வந்தார். அதே லினக்ஸ். அப்டேட் வந்த பிறகு ஸ்லீப்புக்குப் போனால் எழுவதில்லை என்றார். உள்ளே சேமிக்காத கேள்வித்தாள் திறந்தபடி இருக்கிறது, ஆஃப் பண்ணிவிடாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஆஃப் பண்ணக் கூடாது என்றதால் யோசிக்க வேண்டியிருந்தது. கேப்ஸ் லாக்கை அழுத்தினேன். அதன் விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினேன், அணைந்தது. அப்படியென்றால் மெஷின் எழுந்துவிட்டது, திரைக்குத்தான் படம் வரவில்லை. கடையில் இருந்த மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டினேன். லெக்சரரின் லாகின் ஸ்கிரீன் அதில் பளிச்சென்று வந்தது. அவர் பாஸ்வேர்டு போட்டார், கேள்வித்தாள் அப்படியே இருந்தது. சேமித்துக் கொடுத்தேன். பழைய கெர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியின் முந்தைய பதிப்பில், பூட் செய்ததும் ஸ்லீப் கோளாறும் போய்விட்டது. புது அப்டேட்டில் டிஸ்ப்ளே டிரைவர்தான் சரியில்லை.

மானிட்டரை மாட்ட இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். லெக்சரர் போன பிறகு உள்ளே போய் மஞ்சுளாவின் மெஷினை எடுத்து ஸ்டார்ட் செய்து, பாஸ்வேர்டு கேட்பதற்கு முன் வரும் மெனுவில் எந்தக் கெர்னல் என்று பார்த்தேன். அதேதான். அந்த அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் செய்த பிறகு இளங்கோ மூடியது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமை விளக்கு நிலையாக எரிந்ததும் ஃபேன் சுற்றியதும் ஞாபகம் வந்தன. கேபிள் என் கைக்கெட்டும் தூரத்தில், கவுண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடை ஓனர் நாகராஜிடம் சொன்னேன். மல்லேஸ்வரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் கன்னடம் கலந்திருக்கும், எல்லோரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார், நல்ல மனிதர். "சும்னே ஏன் குரு கிளறறே? அந்தம்மாவே வேற வழி இல்லைன்னு மனசத் தேத்திட்டு இருக்காங்க. இப்ப சொன்னா அவங்களுக்கு வலிதான் ஜாஸ்தி ஆகும்" என்றார். அதிலும் நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. அந்தச் சனிக்கிழமை மஞ்சுளா வந்தபோது நான் சொல்லவில்லை. நோட்டில் இருந்த ஒன்பது வார்த்தைகளையும் அவர் போட்டு முடிக்கிறவரை பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு தடவையும் அவர் பிடித்து வைத்த மூச்சை விடுவது எனக்குக் கேட்டது.

அடுத்த வாரம் அவர் நோட்டைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். வேறு வழி இருந்தது, நான் பார்க்கவில்லை, அன்றைக்கு ஒரு கேபிளை மாட்டியிருந்தால் உங்களுக்குத் தெரிந்த பாஸ்வேர்டே போதுமாக இருந்திருக்கும், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

மஞ்சுளா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப நான் கொண்டாந்து குடுக்கும்போது அது உள்ள ஓடிட்டுதான் இருந்துச்சா?"

"ஆமாம்மா. ஓடிட்டுதான் இருந்துச்சு."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் நோட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்தார்.

"அன்னைக்குக் காலையில அவரு நெஞ்சு எரியுதுன்னு சொன்னாருண்ணா" என்றார். "கேஸா இருக்கும்னு நெனச்சு, சீரகத் தண்ணி வெச்சுக் குடுத்து நான்தான் அனுப்பி வெச்சேன். வீட்டு எதுத்தாப்லயே கிளினிக்கு இருக்கு."

வெளியே சம்பிகே ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நாகராஜ் உள்ளிருந்து வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கிளம்பும் முன், மகளுக்குப் பாடத்துக்கு லேப்டாப் வேண்டும், இதையே துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். துடைக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றி ஒரு கவரில் போட்டு இளங்கோவின் பெயரை எழுதினேன். வேறு டிஸ்க் போட்டு, லினக்ஸ் ஏற்றி, நாற்பது தடவையாவது மூடித் திறந்து பார்த்த பிறகே கொடுத்தேன். பாஸ்வேர்டு என்றைக்காவது ஞாபகம் வந்தால் இந்த டிஸ்க் திறக்கும், இது கெட்டுப்போகவில்லை என்று சொன்னேன். அவர் கவரை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு கடைக்கு வரவில்லை.

லினக்ஸில் எழாத மெஷின்கள் இன்றும் வாரத்துக்கு ஒன்றாவது வருகின்றன. முதலில் கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள். பிறகு வெளி மானிட்டரை மாட்டுங்கள். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா, அதன் பாஸ்வேர்டு தெரியுமா என்று கேளுங்கள். பவர் பட்டன் எல்லாவற்றுக்கும் கடைசி. இவையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். நான் கற்றுக்கொண்டது வேறு. எதிரில் நிற்கிறவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை, இரண்டு கைகளையும் கவுண்டர்மேல் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமை மஞ்சுளா என்ன சொல்ல வந்தார் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.