பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?

பாஞ்சாலை ஒரு நாற்காலிக்கு ஆசைப்பட்டுத்தான் பாட்டுக்காரி ஆனாள் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள். அடி அண்ணாமலை கிராமத்தில் கழனி வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். விவரம் தெரிந்த நாளிலிருந்து நடவு, களையெடுப்பு, மல்லாட்டைச் செடி பிடுங்கி வேர்க்கடலை ஆய்வது என்றே பொழுது போனது. நிலத்துக்காரர் வரப்பில் நின்று "ஏய், பாஞ்சாலை" என்று கூப்பிட்டால், குனிந்த முதுகை நிமிர்த்தாமல் தலையை மட்டும் திருப்பிப் பதில் சொல்ல வேண்டும். இருசப்பனைக் கட்டிக்கொண்டு திருவண்ணாமலை டவுனுக்குக் குடி வந்த பிறகும் அந்தப் பிழைப்பு விடவில்லை. அவன் அரிசி மில்லில் மூட்டை தூக்கினான், அவள் நடவுக்குப் போனாள்.

எழுபத்தேழில் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். பாட்டுக் கச்சேரிக்கு வந்திருந்த அப்பாசாமி மெல்லிசைக் குழுவில், பாடுகிற பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டு குரலே வரவில்லை. அப்பாசாமி பகலில் வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவர், ராத்திரியானால் பாடகர். ஜோடிக்குப் பாட ஆள் இல்லாமல் பேயறைந்த மாதிரி நின்றார். "நம்ம பாஞ்சாலை நடவுல நல்லா பாடுவா" என்று யாரோ அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். அவளும் பாடினாள். பாடி முடித்ததும் கல்யாணப் பெண்ணின் அப்பா ஓடிவந்து ஒரு மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு, "ஒக்காருங்கம்மா" என்று கையில் கோலி சோடாவைக் கொடுத்தார். அவள் வாழ்க்கையில் நாற்காலி போட்டு 'ங்க' போட்ட முதல் மனிதர் அவர்தான். அதன் நுனியில் உட்கார்ந்தபடியே, இனி இந்த வேலைதான் என்று பாஞ்சாலை முடிவு செய்துவிட்டாள்.

அப்பாசாமியும் விடவில்லை. அதன் பிறகு ஆறேழு வருஷம் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று சுற்றாத ஊர் கிடையாது. எந்த மேடையானாலும் வழக்கம் ஒன்றுதான். முதலில் வாத்தியக்காரர்கள் மைக் செட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எதையாவது கொஞ்ச நேரம் வாசிப்பார்கள். அதுவரைக்கும் ஜனம் பொரி வாங்கும், பாய் விரிக்கும், ஊர்வம்பு பேசும். பாஞ்சாலை எழுந்து சாமி பாட்டைத் தொடங்கினால்தான் கச்சேரி ஆரம்பம். அவள் வாயைத் திறந்ததும் கூட்டம் அடங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருக்கும்.

எண்பத்து நாலில் ராமகிருஷ்ணன் வந்து சேர்ந்தான். நல்ல பையன்தான், குறை சொல்லக் கூடாது. செங்கம் ரோட்டில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் பார்க்கிறவன். மெட்ராஸிலிருந்து ஜப்பான் கீபோர்டு ஒன்றை வாங்கிவந்து, குழுவில் வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு பொத்தானை அமுக்கினால் அதுவே தாளம் போடும். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரன் ஒருநாள் தன் டேப் ரிக்கார்டரை ரிப்பேருக்குக் கொடுத்தான். உள்ளே ஒரு கேசட் இருந்தது. சரி செய்துவிட்டுப் போட்டுப் பார்த்த ராமகிருஷ்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஒரு பக்கம் முழுக்க மிஷின் தாளம், மிஷின் ராகம், ஆட்டம் போட வைக்கிற அடி. அதில் ஒருத்தரும் பாட வாயைத் திறக்கவில்லை.

அன்று முதல் அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அதே தினுசில், குரலே இல்லாமல், சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டான். சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த அறையில்தான் குழு ஒத்திகை பார்க்கும். அங்கே அவன் அதை வாசித்தபோது, பாஞ்சாலையின் பெருவிரல் புடவைக் கரைக்கு அடியில் தானாகத் தாளம் போட்டது. அவளுக்குத் தன் கால் மேலேயே கோபம் வந்தது. மானங்கெட்ட கால்.

"இதுக்கு நான் ஒரு பல்லவி எடுக்கட்டுமா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் பாடியும் பார்த்தாள். இழுத்து, குழைத்து, ஒரு சங்கதி விடாமல் பாடினாள். ராமகிருஷ்ணன் கையை எடுத்துவிட்டான்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. நீங்க பாடினா அந்த அடி மறைஞ்சி போவுது. இது கால்ல கேக்கிற பாட்டு. குரல் வந்தா ஜனங்க காதால கேக்க ஆரம்பிச்சிடுவாங்க."

அவன் சொன்னது நிஜம். பொய்யாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள்.

அப்பாசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். எல்லா முதலாளிகளும் செருமுவது ஒரே மாதிரிதான். "ஆடி மாசம் கீழ்பென்னாத்தூர்ல கூழ் ஊத்துறாங்க. அங்க எடுத்த எடுப்புல இதையே போட்டுப் பாப்போம். ஜனத்துக்குப் புடிச்சிடுச்சுனா, அப்புறம் நாம எல்லாத்தையும் கொஞ்சம் மாத்திக்கணும் பாஞ்சாலை. சாமி பாட்டுக்கு டேப்பே போதும். நீ மனசு கஷ்டப்படாத."

மனசு கஷ்டப்படாதே என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா? வீட்டுக்கு வந்து இருசப்பனிடம் சொன்னால், அவன் ஆறுதல் சொல்கிறானாம்: "விடு, கழனி எங்க ஓடிடப் போவுது? நடவுக்கு ஆளு கம்மியாத்தான் இருக்காங்க." அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று இருசப்பனுக்கு இன்றுவரை தெரியாது.

கழனி வேலை கேவலம் என்று அவள் நினைக்கவில்லை. அதைச் செய்துதான் வளர்ந்தாள். ஆனால் 'ஒக்காருங்கம்மா' என்று கேட்டுப் பழகிய காதுக்கு மறுபடி 'ஏய்' என்பதைக் கேட்கத் தெம்பு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆடியும் வந்தது. கீழ்பென்னாத்தூரில் ஒரு தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். மத்தியானம் கூழ் ஊற்றி முடித்து, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மன் கோயில் முன்னால் ஜனம் கூடிவிட்டது. பாஞ்சாலை மேடை ஓரத்தில் உப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்திருந்தாள். ராமகிருஷ்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினான்.

என்ன வாசிப்பு! ஒத்திகையில் வாசித்ததைவிட இரண்டு மடங்கு. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பாஞ்சாலைக்கே எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. போச்சு, இன்றோடு நம் கதை முடிந்தது என்று அவள் மெதுவாகக் கூட்டத்தைப் பார்த்தாள்.

கூட்டம் தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் மல்லாட்டை வாங்க எழுந்து போனார்கள். எதிர்ச் சுவரோரம் கூழ் அண்டாவைத் தேய்க்கிற சத்தம். பொம்பளைகள் சம்பந்தி வீட்டுக் கதையில் மூழ்கிக் கிடந்தார்கள். பிடிக்கவில்லை என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. யாரும் கேட்கவே இல்லை.

பாஞ்சாலைக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, அதை மறைப்பானேன். நல்லா வேணும் என்றே நினைத்தாள். அப்புறம் ராமகிருஷ்ணனின் முகத்தைப் பார்த்தாள். வியர்வை மூக்கு நுனியில் சொட்ட, தலை நிமிராமல் வாசித்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் பாவமாகிவிட்டது.

அவன் வாசித்து முடித்தான். ஒரு கைதட்டல் இல்லை. ஊர்ப் பெரியவர் ஆதிமூலம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடை ஏறி வந்தார். மைக் அவருக்கு முன்னாலேயே இருந்தது, அதனால் அவர் சொன்னது தெருமுனை வரைக்கும் கேட்டது.

"என்னாப்பா, செட்டு சரியாயிடுச்சா? எவ்ளோ நேரந்தான் டெஸ்ட் பண்ணுவீங்க? ஜனங்க காத்துக்கினு இருக்காங்க. பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?"

கூட்டம் 'ஆமாம், ஆமாம்' என்றது. அவர்கள் மேல் தப்பே கிடையாது. எத்தனை வருஷமாக அவர்களை அப்படிப் பழக்கியது இந்தக் குழுதானே? சாமி பாட்டுக்கு முன்னால் வருவதெல்லாம் செட் பார்ப்பதுதான். ராமகிருஷ்ணன் உயிரைக் கொடுத்து வாசித்ததும் அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவன் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிற மாதிரி நின்றான். அப்பாசாமி பதறிப்போய் பாஞ்சாலைக்குக் கை காட்டினார், சாமி பாட்டை எடு என்று.

பாஞ்சாலை எழுந்தாள். இங்கேதான் அவள் மூளை வேலை செய்தது. சாமி பாட்டைப் பாடினால் கூட்டம் அடங்கும், சரி. ஆனால் சாமி பாட்டுக்கு டேப் போதும் என்று இந்த மனுஷன் வாயாலேயே சொல்லியிருக்கிறாரே? நாளைக்குத் திருவிழாவுக்கு டேப்பைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. டேப்பால் ஆகாத எதையாவது இப்போது செய்தாக வேண்டும்.

"அதையே திரும்ப வாசி தம்பி" என்றாள்.

"வேணாங்கா. இன்னொரு தடவ அசிங்கப்பட முடியாது."

"வாசின்றேன் இல்ல? அமுக்கு பொத்தான."

அவன் அமுக்கினான். மிஷின் தாளம் கிளம்பியது. அவளிடம் பாட்டும் இல்லை, பல்லவியும் இல்லை. மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணில் பட்டவர்களையெல்லாம் மெட்டுப் போட்டுக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"வாங்க, வாங்க! கூழு காய்ச்சின அக்கா வாங்க, கொடம் எடுத்த அண்ணி வாங்க, அண்டா தேய்க்கிற பெரிம்மா, அத அப்பிடி வச்சிட்டு வாங்க!"

அண்டா சத்தம் நின்றது. பெரியம்மா கரிக் கையோடு எழுந்து நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள். பின்னல் போட்டவள் திரும்பினாள். கூட்டம் முழுக்க மேடையைப் பார்த்தது. பாட்டு ஆரம்பித்துவிட்டது.

"மல்லாட்ட வாங்கப் போன மாமா, மடியில கட்டிக்கினு வாங்க! துண்டு கட்டின பெரியவரே, தோள ஆட்டிக்கினு வாங்க!"

ஆதிமூலம் ஒரு கணம் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். முன்வரிசை வாலிபர்கள் எழுந்துவிட்டார்கள். விசில் பறந்தது.

அதோடு பாஞ்சாலைக்குச் சரக்கு தீர்ந்துபோனது. வாயில் வார்த்தை வரவில்லை. வேறு வழி இல்லாமல் வாயை மூடிக்கொண்டாள். மிஷின் மட்டும் தனியாக ஓடியது. செத்தோம் என்று நினைத்தாள்.

ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. அவள் நிறுத்தின பிறகுதான் காலெல்லாம் ஒன்றாகத் தரையில் விழுந்தது. இது பாட்டுத்தான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, இனி ஆடினால் போதும். ராமகிருஷ்ணன் தலையைத் தூக்கி அவர்களைப் பார்த்தான். அவன் விரல் பறந்தது. கொஞ்சம் கழித்து ஆட்டம் லேசாகத் தொய்ந்தபோது, அவள் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். மறுபடி வாயை மூடினாள். அன்றைக்கு அவள் பாடியதைவிடப் பாடாமல் நின்றதுதான் அதிகம். ஊர் அதை மூன்று தரம் 'ஒன்ஸ் மோர்' கேட்டு வாங்கியது.

கச்சேரி முடிந்து சாமானை வேனில் ஏற்றியதும், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் டிபன் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பாசாமி சாம்பாரைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "அடுத்த வாரம் வேட்டவலம். மத்தியானமே கடைக்கு வந்துடு பாஞ்சாலை" என்றார். அவ்வளவுதான். சாமி பாட்டு டேப்பைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அப்பாடா என்று அவளுக்குத் தோள் இறங்கியது. ஆனாலும் ஒரு கேள்வி உள்ளே குடைந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த ராமகிருஷ்ணனிடம் கேட்டேவிட்டாள்.

"தம்பி, மனசாட்சியத் தொட்டுச் சொல்லு. அந்தப் பாட்டு என் குரலோட நல்லா இருக்கா, குரல் இல்லாம நல்லா இருக்கா?"

ராமகிருஷ்ணன் தோசையைப் பிய்த்தபடியே யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"ரூம்ல தனியா கேட்டா, நீங்க இல்லாமத்தாங்கா நல்லா இருக்கு" என்றான். "ஆனா ஜனங்க முன்னாடி நீங்க இல்லாம வாசிக்க எனக்கு இனிமே தைரியம் இல்ல."

அப்படி ஒரு பதில் வந்தால் வலிக்கும் என்றுதான் பாஞ்சாலை நினைத்திருந்தாள். வலிக்கவில்லை. அவளுக்குத்தான் அது முன்னாலேயே தெரியுமே.

"எனக்கும் நீ வாசிக்கிறப்ப வாய மூடிக்கினு கேக்கத்தான் புடிக்குது, போ" என்றாள்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடைக்காரரைக் கூப்பிட்டு, முறுகலாக ரெண்டு தோசை போடச் சொன்னாள்.